கருப்பு பம்பரில் வெள்ளைத் தழும்பு

கார் பாலிஷின் முதல் வேலை தேய்த்து எடுப்பது. மெருகு ஏற்றுவதாகத்தான் பேச்சு. உண்மையில் அது பெயிண்டின் மேற்பரப்பை மிக மெல்லிதாகச் சீவுகிறது. டப்பாவுக்குள் நான்கு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று, மாவைவிட நுண்ணிய தேய்ப்புத் துகள். பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. இரண்டு, அந்தத் துகள் சிராய்க்காமல் வழுக்கி ஓடுவதற்கான எண்ணெய். மூன்று, எல்லாவற்றையும் இளக்கமாக வைத்திருக்கும் பெட்ரோலியக் கரைப்பான். நான்கு, கடைசியில் தங்கிப் பளபளக்க மெழுகு அல்லது சிலிக்கோன். ரப்பிங் காம்பவுண்டில் துகள் தடித்தும் நிறையவும் இருக்கும். வாக்ஸ் பாலிஷில் துகள் குறைந்து மெழுகு கூடியிருக்கும். கடையில் இரண்டுக்கும் பெயர் ‘பாலிஷ்’ என்பதே.

இந்தக் கலவை பெயிண்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இன்றைய காரின் இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம் என்று அடுக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தூசித் துணியால் துடைத்துத் துடைத்து இந்த அடுக்கில் மயிரிழைக் கீறல்கள் விழுகின்றன. ஒவ்வொரு கீறலின் விளிம்பும் வெளிச்சத்தைத் தாறுமாறாகச் சிதறடிப்பதால் பெயிண்ட் மங்கலாகத் தெரிகிறது. பாலிஷ் அந்த விளிம்புகளை மழுக்கி, பரப்பைச் சமமாக்குகிறது. சமமான பரப்பில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்பும். எதிரே நிற்பவரின் முகம் அதில் தெரியும்.

இது நடப்பதற்குப் பரப்பு கடினமாக இருக்க வேண்டும், சமதளமாக இருக்க வேண்டும், எண்ணெயை உள்ளே இழுக்காததாக இருக்க வேண்டும். பெயிண்டுக்கு மூன்றும் உண்டு. காரின் கருப்பு பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் மூன்றும் ஒருசேர இல்லை. கேடு முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலைக்கு இடம் குறைவு. பம்பர் இரும்பு, அதன்மேல் குரோமியம். கைப்பிடி உலோகம், முகப்புக் கிரில் உலோகம். பெயிண்டும் கிளியர் கோட் இல்லாத ஒற்றை நிறப் பூச்சு. வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மேல்தோலைத் தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம் வரும், துணியிலும் அதே நிறம் ஒட்டும். ஒரே டப்பாவால் வண்டி முழுவதையும் துடைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் வேர் பிடித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு இந்தியச் சாலைகளின் கார்கள் மெல்ல மெல்ல பிளாஸ்டிக்குக்கு மாறின. வண்டி மாறிய அளவுக்குத் துடைக்கும் பழக்கம் மாறவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் கச்சிராயபாளையம் போன்ற ஊரின் வண்டிகளை எடுத்துக்கொண்டால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு பக்கம் கோமுகி அணை, இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை, மேலே வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. இங்கே ஓடுபவை நகரத்து வண்டிகள் மாதிரி பளபளவென்று இருப்பவை அல்ல, உழைக்கும் வண்டிகள். 2000-த்தில் வந்த பொலேரோ, 2005-இல் வந்து ‘குட்டியானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், கரும்பு ஏற்றும் டிராக்டர், லாரி, பழைய வாடகைக் கார். இவற்றின் பம்பர், சக்கர வளைவு, பக்கவாட்டுப் பட்டை, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்காரும் தட்டு, பக்கக் கண்ணாடியின் கூடு என்று பல பாகங்கள் பெயிண்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக்காகவே இருக்கின்றன. கல் தெறித்தாலும் தகடு மாதிரி ஒடுங்காது, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. மலைச்சாலைக்கு அது பொருத்தமான பொருள்தான்.

அந்தக் கருப்புப் பாகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது வழவழப்பாக இல்லை என்பது தெரியும். தோல் பையின் மேற்புறம் போலச் சின்னச் சின்ன மேடுகளும் பள்ளங்களுமாக இருக்கும். அச்சிலேயே இந்தச் சொரசொரப்பு வெட்டப்பட்டிருக்கிறது. கீறல் பட்டால் வெளியே தெரியாமல் இருக்கவும், வெயிலில் கண் கூசாமல் இருக்கவும் வேண்டுமென்றே செய்தது. வெள்ளைப் பாலிஷ் தடவிய துணி பெயிண்டின் விளிம்பைத் தாண்டி இதன்மேல் ஓடும்போது, பள்ளங்களுக்குள் பாலிஷ் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பெயிண்டின் மேல் காய்ந்த பாலிஷைத் துணியால் துடைத்துவிடலாம். பள்ளத்துக்குள் துணி போகாது. கரைப்பான் ஆவியாகிப் போனபின் மெழுகும் துகளும் அங்கேயே இறுகி, கருப்பின் மேல் சாம்பல் பூத்ததுபோல வெள்ளைத் தழும்பு நிற்கிறது.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தவுடன் தழும்பு மாயமாக மறையும். வேலை முடிந்தது என்று துணியைப் பிழிந்து காயப்போடுவார்கள். அரை மணி நேரத்தில் பம்பர் காய்ந்ததும் தழும்பு அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பி வரும். அது எங்கும் போகவில்லை, கண்ணுக்குத்தான் மறைந்திருந்தது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் ஒளி நுழையும்போது இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு ஒளி அந்த எல்லையில் சிதறுகிறது. காற்றின் எண் 1, மெழுகின் எண் ஏறத்தாழ 1.45. வேறுபாடு பெரிது, ஆகவே உலர்ந்த மெழுகுத் துணுக்கு ஒவ்வொன்றும் வெள்ளையாக ஒளிர்கிறது. இடுக்குகளில் தண்ணீர் புகுந்ததும் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது. தண்ணீரின் எண் 1.33, வேறுபாடு சுருங்குகிறது, சிதறலும் சுருங்குகிறது, கீழே உள்ள கருப்பு தெரிகிறது. நனைந்த வெள்ளை வேட்டியில் கால் தெரிவதும் இதே காரணத்தால்தான். துடைத்த இடம் சுத்தமானதா என்பதை முழுக்கக் காய்ந்த பிறகுதான் சொல்ல முடியும்.

தழும்பாவது முயன்றால் போகும். துகள் செய்யும் கேடு போகாது. தடித்த ரப்பிங் காம்பவுண்டை, அதுவும் பஃபிங் மெஷினில், சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் மேல் ஓட்டினால் மேடுகளின் உச்சி தேய்ந்து மழுங்கும். சுற்றியுள்ள இடம் மங்கலாக இருக்க, தேய்ந்த இடம் மட்டும் எண்ணெய் பட்டதுபோல மினுக்கும். அச்சில் வார்த்த சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பாகத்தை மாற்றுவது ஒன்றுதான். மெஷினின் சூடும் சேர்ந்துகொள்ளும். இந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்புரோப்பிலீன். இளக்கம் தர ரப்பரும், விறைப்புத் தர டால்க் பொடியும் கலந்தது. சுமார் 160 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். அதற்கு வெகு முன்பே மென்மையாகும். இரும்புத் தகடு சூட்டை நாலாபுறமும் கடத்திவிடும். பிளாஸ்டிக் அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கடத்தாது. தேய்த்த சூடு தேய்த்த இடத்திலேயே தங்கும். பெயிண்ட் அடித்த பம்பருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அதன் மேல்பூச்சு பெயிண்ட் ஆகையால் பாலிஷ் போடலாம். ஆனால் உள்ளே பிளாஸ்டிக் என்பதால் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால், குறிப்பாக மூலை விளிம்புகளில், பெயிண்ட் வெந்து கிழிந்து வரும்.

இவ்வளவு இருந்தும் கருப்பு பிளாஸ்டிக்குக்கு ஏன் பாலிஷ் போடுகிறார்கள்? பாதி தவறுதலாகப் படுவது. மீதி, தெரிந்தே போடுவது. வெளுத்துப்போன பம்பரைக் கருப்பாக்க வேண்டும் என்ற ஆசை அதற்குக் காரணம். அந்த ஆசையில் தவறில்லை. வெளுப்பது எதனால் என்று தெரியாததுதான் தவறு.

கச்சிராயபாளையம் ஏறத்தாழ 11.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒரு முறை என ஆண்டில் இரு முறை சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. முதல் முறை வரும்போது கோடை. மறைக்க மேகமும் அதிகம் இல்லை. நிழலில்லாமல் நிற்கும் வண்டியின் கருப்பு பிளாஸ்டிக் 70 டிகிரி வரை சூடேறும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிருக்குப் பாலிப்புரோப்பிலீனில் ஒரு பலவீனமான இடம் அகப்படுகிறது. அதன் மூலக்கூறு ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் கிளை ஒன்று முளைத்திருக்கும். கிளை முளைத்த கார்பனோடு இருக்கும் ஹைட்ரஜன் மற்றவற்றைவிடத் தளர்வாகப் பிடிபட்டிருக்கிறது. புற ஊதாவின் ஆற்றலால் அது கழன்றுகொண்டால் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும்; பிறகு சங்கிலி அறுபடும். அறுபட்ட ஒரு துண்டு அடுத்த சங்கிலியையும் தாக்கும். மேல்தோல் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். உள்ளே கட்டுண்டிருந்த டால்க் பொடி வெளியே தலைகாட்டும். விரலால் தேய்த்தால் வெண்பொடி ஒட்டுவது இதனால். வெடிப்பிலும் பொடியிலும் ஒளி சிதறிச் சாம்பல் நிறம் தெரிகிறது.

கருப்பு நிறமே இதற்கு ஒரு காவல். பிளாஸ்டிக்கில் கலக்கும் கார்பன் கரித்தூள் புற ஊதாவை விழுங்கி வெறும் சூடாக மாற்றிவிடும். கரும்புத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயும், கிணற்றிலிருந்து வயலுக்கு ஓடும் கருப்புக் குழாயும் அதே காரணத்துக்காகத்தான் கருப்பு. அவற்றில் எடையில் 2 முதல் 3 சதவீதம் கரித்தூள் கலந்திருக்கும். ஆனால் கரித்தூள் உள்ளே இருப்பதைத்தான் காப்பாற்றும். மேலே சில மைக்ரான் தோல் வெயிலுக்குப் பலியாகிக்கொண்டே இருக்கும்.

வெளுத்த பம்பரில் வாக்ஸ் பாலிஷைத் தேய்த்தால் அன்றைக்குக் கருப்பாகத் தெரிவது உண்மை. ஈரத் துணி செய்த அதே கண்கட்டை இங்கே எண்ணெய் செய்கிறது: வெடிப்புகளில் புகுந்து, காற்றை வெளியேற்றி, சிதறலைக் குறைக்கிறது. வெயிலும் மழையும் பட்டு எண்ணெய் போனதும் சாம்பல் திரும்பும். இந்த முறை இடுக்கில் தங்கிய துகளின் வெள்ளையும் கூடிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவுவோரும் உண்டு. விலை மலிவு, வீட்டில் இருப்பது, தடவியதும் பம்பர் கன்னங்கரேல் என்று ஆகும். ஆனால் அடிவாரத்துச் செம்மண் தூசியும், ஆலை ஓடும் மாதங்களில் காற்றில் வரும் கரும்புச் சக்கைச் சாம்பலும் அதில் ஒட்டிக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் மலைமேல் நிறுத்திய வண்டியின் பம்பரில் அது உறைந்து, மறைக்க நினைத்த மங்கலையே மறுபடி காட்டும்.

ரப்பருக்கு வந்தால் கதை மாறுகிறது. பிளாஸ்டிக்கில் கேடு பெரும்பாலும் தோற்றத்தோடு நிற்கும்; ரப்பரில் பாகமே கெடும்.

காரில் ஒரே ரப்பர் இல்லை. கதவைச் சுற்றியும் கண்ணாடியைச் சுற்றியும் ஓடும் கருப்புப் பட்டை, பட்டறையில் ‘பீடிங்’ என்று சொல்வது, பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர். எத்திலீன், புரோப்பிலீன் ஆகியவற்றோடு டயீன் எனும் மூன்றாவது சேர்மம் சிறிதளவு சேர்த்துச் செய்வது. வெயிலையும் ஓசோனையும் அது அருமையாகத் தாங்கும். அது தாங்காதது முக்கியமாகப் பெட்ரோலிய எண்ணெயைத்தான். வேதியியலில் ஒத்தது ஒத்ததோடு சேரும். ஈபிடிஎம்மும் பெட்ரோலிய எண்ணெயும் ஒரே இனத்து ஹைட்ரோகார்பன்கள். பாலிஷின் கரைப்பானும் எண்ணெயும் பீடிங்கில் ஊறி, சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவற்றை விலக்கும். ரப்பர் உப்பும், இளகும், கதவோடு ஒட்டிப் பிடிக்கும். மழைத் தண்ணீரும் மலைச்சாலைப் புழுதியும் கதவிடுக்கு வழியே உள்ளே வரும்போதுதான் பீடிங்கின் நினைவு வருகிறது. எண்ணெயைத் தாங்கும் ரப்பரும் உண்டு. பெட்ரோல் குழாய்க்கு நைட்ரைல் ரப்பரைப் பயன்படுத்துவது அதற்காகவே. ஆனால் அதற்கு ஓசோன் ஆகாது. ஆகவே கதவுக்கு அதைப் போடுவதில்லை.

ஒரே ஒரு முறை பாலிஷ் பட்டதால் பீடிங் போய்விடாது. கரைப்பான் சீக்கிரம் ஆவியாகிவிடும். மாதா மாதம் படுவதுதான் கெடுக்கும். அதைவிடக் கொடியது வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் டீசல் அடிக்கும் பழக்கம். இரும்புக்கு அது சில நாள் காப்புதான். அச்சோடும் வில்பட்டையோடும் இணைந்த புஷ்கள் பலவும் இயற்கை ரப்பரால் ஆனவை. டீசல் பட்டுப் பட்டு அவை உப்பி, நொய்ந்து, கரும்பு பாரத்தில் பிதுங்கிப் போகும். பாலிஷ் ஒரு கரண்டி செய்யும் கேட்டை இது குடம் குடமாகச் செய்கிறது.

டயரின் நிலை இன்னும் நுட்பமானது. லாரி, டிராக்டர் டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். இயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியிலேயே இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. காற்றில் மிக மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் அந்தப் பிணைப்பை வெட்டும். டயரின் பக்கச்சுவரில் சிறு சிறு வெடிப்புகள் விழுவது அதனால். ஈபிடிஎம்மில் இரட்டைப் பிணைப்பு கிளையில் இருக்கிறது. கிளை அறுந்தாலும் சங்கிலி அறாது. இந்த ஒரு வேறுபாட்டால்தான் பீடிங் தாங்கும் ஓசோனை டயர் தாங்குவதில்லை. ஆகவே டயர் செய்யும்போதே ஓசோன் தடுப்பு வேதிப்பொருளும் மெழுகும் ரப்பருக்குள் கலக்கிறார்கள். அவை உள்ளிருந்து மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து ஒரு மெல்லிய தோலாகப் படியும். டயர் ஓடி மடங்கும்போதெல்லாம் தோல் புதுப்பிக்கப்படும். நாள்பட்ட டயரின் பக்கத்தில் தெரியும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தத் தடுப்புப் பொருள் காற்றில் நிறம் மாறியதே. எல்லோரும் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். தேய்ப்புத் துகள் உள்ள பாலிஷ் அந்தத் தோலைச் சுரண்டுகிறது, கரைப்பான் அதைக் கரைத்து எடுக்கிறது. அடியிலிருந்து திரும்ப ஊறும்தான். ஆனால் உள்ளே இருப்பு அளவோடுதான் இருக்கிறது. வாரம் ஒரு முறை துடைத்தெடுத்தால் இருப்பு சீக்கிரம் தீரும். நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் மோசம். மடங்காத டயரில் மெழுகு மேலே வருவதே குறைவு.

வைப்பர் பட்டையில் பாலிஷ் படுவதைத் தவிர்க்கத் தனியாகவே மெனக்கெட வேண்டும். மெழுகோ சிலிக்கோனோ ஏறிய பட்டை கண்ணாடியில் திட்டுத் திட்டாக வழித்து, எதிர் வண்டியின் வெளிச்சத்தில் பனிமூட்டம் மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். வடகிழக்குப் பருவமழையில், மஞ்சு இறங்கும் வளைவுகளில், இரவில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும் ஓட்டுநருக்கு அந்தப் படலம் உயிர் சம்பந்தப்பட்டது. பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பட்டையை நீளவாக்கில் இரண்டு மூன்று முறை துடைத்து, கண்ணாடியையும் கழுவிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் பாலிஷ் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. ஹெட்லைட்டின் கண்ணாடி இப்போது கண்ணாடியே இல்லை. பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக். கடினமானது, வழவழப்பானது, எண்ணெய் உறிஞ்சாதது. பாலிஷ் கேட்கும் மூன்று குணமும் அதற்கு உண்டு. மஞ்சள் பாய்ந்த ஹெட்லைட்டை வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிறகு நுண்ணிய பாலிஷால் மெருகேற்றினால் தெளிவு பெரும்பாலும் திரும்பும். பற்பசையால் தேய்ப்பதும் இதே தத்துவம்தான். அதிலும் நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. ஆனால் ஆலையிலிருந்து வரும்போது அதன்மேல் புற ஊதாவைத் தடுக்கும் கடினமான மேல்பூச்சு ஒன்று இருக்கும். மஞ்சளோடு சேர்த்து மிச்சமிருந்த அந்தப் பூச்சும் தேய்ந்து போகிறது. புதிதாகப் பாதுகாப்புப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் முன்பைவிட வேகமாக மஞ்சள் ஏறும். தின்னர், பெட்ரோல் எதையும் பாலிகார்பனேட்டின் மேல் வைக்கக் கூடாது. உள்ளே இறுக்கத்தோடு இருக்கும் பிளாஸ்டிக்கில் அவை பட்டதும் சிலந்தி வலைபோல வெடிப்பு ஓடும். கதவுக் கம்பங்களில் வரும் பளபளப்பான கருப்புப் பட்டைக்கும் துகள் மிகக் குறைந்த பாலிஷைக் கையால் போடலாம். கண்டுகொள்ள எளிய வழி: முகம் தெரிந்தால் பாலிஷுக்கு ஆகும், சொரசொரப்பாக இருந்தால் ஆகாது.

தவிர்ப்பதற்கு மாஸ்கிங் டேப் போதும். பெயிண்ட் அடிப்பவர்கள் கண்ணாடி ஓரத்தில் ஒட்டும் அதே காகித டேப். பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சேரும் கோட்டில் அதை ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தால் பத்து நிமிடம் கூடும். பின்னால் ஒரு நாள் மிச்சம். துணியும் முக்கியம். பட்டறைகளில் கைக்கு வருவது பனியன் வேஸ்ட். எண்ணெய் துடைத்த, தரையில் விழுந்த வேஸ்டில் மணல் இருக்கும்; மணலில் உள்ள குவார்ட்ஸும், கரும்புச் சாம்பலில் உள்ள சிலிக்காவும் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினமானவை. பாலிஷ் போடுமுன் வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால், அந்தத் துணியே ரப்பிங் காம்பவுண்ட் ஆகிவிடும்.

தழும்பு விழுந்த பிறகு செய்வது இது. இளஞ்சூடான தண்ணீரில் ஷாம்பூவோ பாத்திரம் துலக்கும் திரவ சோப்போ கலந்து, மென்மையான பல்துலக்கும் பிரஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். பள்ளத்துக்குள் துணி போகாத இடத்தில் பிரஷின் மயிர் போகும். சற்று வெயிலில் வைத்த பிறகு தேய்த்தால் மெழுகு இளகி இன்னும் எளிதாக வரும். மெழுகிலேயே சில வகைகள் இறுக்கமானவை. பிரேசில் நாட்டுப் பனைவகை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதற்கு வெயில் போதாது. காய்ந்த தழும்பைப் பள்ளிக்கூடத்து வெள்ளை அழிப்பானால் அழுத்தித் தேய்த்து உருட்டி எடுக்கலாம். அதற்கும் போகாவிட்டால் துணியின் நுனியில் சில துளி மினரல் டர்பண்டைன் தொட்டுத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பாலிப்புரோப்பிலீன் அந்தச் சில நொடியைத் தாங்கும். ரப்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் இது கூடவே கூடாது.

வெளுத்த பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் டிரஸ்ஸிங்குகளில் தேய்ப்புத் துகள் இல்லை. பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். தண்ணீரில் கலந்த வகை, வெள்ளைப் பால்போல இருப்பது, பெட்ரோலியக் கரைப்பானில் கலந்ததைவிட மேல். சிலிக்கோன் ஹைட்ரோகார்பன் இனம் இல்லாததால் ஈபிடிஎம் அதில் உப்புவதில்லை. இதுவும் நிரந்தரத் தீர்வு இல்லை; ஈரத் துணி காட்டிய கண்கட்டின் நீண்ட வடிவம்தான். ஆனால் கேடில்லாதது. சூட்டுத் துப்பாக்கியால் பம்பரை வாட்டிக் கருப்பாக்குவதும் ஒரு முறை. வெடித்த மேல்தோல் லேசாக உருகி மூடிக்கொள்ளும், அச்சில் உள்ள சொரசொரப்பும் சேர்ந்து உருகிவிடும் ஆபத்தோடு. நெடுங்காலத்துக்கு நிற்பது நிறமி கலந்து இறுகும் பூச்சு. பாலிஷின் மிச்சம் துளியும் இல்லாமல் கழுவிய பரப்பில்தான் அது பிடிக்கும்.

பீடிங்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினே போதும். அது தண்ணீர் இனத்தது. ரப்பருக்குள் புகாமல் மேலேயே நின்று வழுக்கலையும் மினுக்கத்தையும் தரும். கழுவித் துடைத்த பீடிங்கில் துணியால் மெல்லிதாகத் தடவினால் வெயில் காலத்தில் கதவோடு ஒட்டிக்கொள்வது நிற்கும்.

சிலிக்கோனுக்கு இரண்டு இடத்தில் தடை உண்டு. டயரின் பக்கச்சுவரில் போடலாம்; தரையைத் தொடும் பரப்பில் ஒரு துளிகூட ஆகாது, பிரேக் டிஸ்க்கின் பக்கம் போகவே கூடாது. அடுத்தது டிங்கரிங் பட்டறை. பெயிண்ட் அடிக்கப்போகும் தகட்டில் சிலிக்கோன் இருந்தால் புதுப் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி, அம்மைத் தழும்பு மாதிரி வட்டக் குழிகளாக நிற்கும். ஸ்பிரே டப்பாவிலிருந்து பறக்கும் நுண்துளியே அதற்குப் போதும். பக்கத்து வண்டிக்கு அடித்தது இந்த வண்டியின் பெயிண்டைக் கெடுக்கும். துணியில் தொட்டுத் தடவுவதே பட்டறைக்கு ஏற்ற முறை.

பாலிஷ் தழும்பைப் போலவே கருப்பு பிளாஸ்டிக்கில் பிடிக்கும் இன்னொன்று, ஆயுத பூஜையன்று வைக்கும் சந்தனமும் விபூதியும். விபூதி ஏறத்தாழ முழுக்கச் சாம்பல், சந்தனம் நுண்ணிய மரத்தூள். இரண்டும் நீரில் குழைந்து பள்ளத்தில் இறங்கிக் காய்ந்தால் மெழுகுத் துகளின் அதே வேலையைச் செய்யும். முதல் நாள் பாலிஷ் போட்டு, மறுநாள் பொட்டு வைத்த பம்பரில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்துகொள்ளும். பொட்டைக் கண்ணாடியிலோ பெயிண்ட் அடித்த பானட்டிலோ வைத்தால் ஈரத் துணியில் சுத்தமாக வந்துவிடும். பம்பரில் வைத்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு: விபூதியிலும் சந்தனத்திலும் மெழுகு இல்லை, ஆகவே காய்ந்து இறுகுமுன் பிரஷும் வெறும் தண்ணீரும் போதும், டர்பண்டைன் தேவைப்படாது.